பெரிய முடிவும் பயமும்: முதல்முறை எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையை விடுவதா, வேறு நாட்டுக்குப் போவதா, இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வதா, சேமிப்பைப் போட்டுத் தொழில் தொடங்குவதா, பல வருட உறவை முடித்துக்கொள்வதா. இப்படி ஒரு கேள்வி வந்து நிற்கும்போது நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: பயம் போகட்டும், அப்புறம் முடிவெடுக்கலாம் என்று காத்திருக்கிறோம். பயம் போவதில்லை. மாதங்கள்தான் போகின்றன.

பயத்தைப் போக்கிவிட்டு முடிவெடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அதைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைக்க முடியும். உடைத்துப் பார்த்தால் ஒரு பகுதி, செய்து முடிக்கக்கூடிய வேலைகளாக மாறிவிடும். இன்னொரு பகுதி, நாலு இடத்தில் விசாரித்தால் தெளிந்துவிடும். மிச்சம் கொஞ்சம் கூடவே வரும். அதை வைத்துக்கொண்டேதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த மிச்சம் எவ்வளவு, அது தாங்கக்கூடியதா என்று தெரிந்துகொள்வதற்கான வழிதான் கீழே இருப்பது. வரிசையாகச் செய்யுங்கள், ஆனால் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

1. உடம்பு அடங்கும்வரை முடிவைத் தொடாதீர்கள்

பெரிய முடிவை நினைத்ததுமே நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிசையும், கை சில்லிடும். இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆபத்து என்று தோன்றினால் எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடம்பு தன்னைத் தயார்செய்துகொள்ளும் விதத்தை உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இலேயே விளக்கிவிட்டார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, செரிமானம் மந்தமாகி ரத்தம் தசைகளுக்குப் போகிறது. துரத்தும் மிருகத்திடமிருந்து தப்பிக்க அருமையான ஏற்பாடு. ஐந்து வருடம் கழித்து என் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யோசிக்க அது உதவாது. அந்த நேரத்தில் மனதுக்குத் தோன்றுவது இரண்டே வழிதான்: 'வேண்டாம் என்று சொல்லித் தப்பித்துவிடு', அல்லது 'ஏதோ ஒன்றைச் சொல்லி இந்தத் தொல்லையை முடித்துவிடு'. இரண்டாவதும் பயத்தில் எடுக்கும் முடிவுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது துணிச்சல் மாதிரித் தெரியும், அவ்வளவே.

அதனால் முதல் வேலை உடம்பை அடக்குவது. மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்கும்படி ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும் என்பதால்தான் இது வேலை செய்கிறது. வேகமாக நடந்துவிட்டு வருவதும் நல்லது.

தூக்கம் இதைவிட முக்கியம். 2007-இல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், ஓர் இரவு முழுவதும் தூங்காதவர்களின் அமிக்டலா, அதாவது பயத்தோடு நெருங்கிய தொடர்புள்ள மூளைப் பகுதி, மனதைக் கலக்கும் படங்களைப் பார்த்தபோது தூங்கியவர்களுடையதைவிட சுமார் 60 சதவீதம் அதிகமாக எதிர்வினை காட்டியது. இரவு பன்னிரண்டு மணிக்குப் படுக்கையில் புரண்டபடி 'என்னால் முடியாது' என்று முடிவுக்கு வந்தால், அது உங்கள் முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் எழுந்து, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்ட பிறகும் அதே எண்ணம் இருந்தால் அப்போது பேசலாம். ராஜினாமாக் கடிதம், பிரிவுச் செய்தி, 'எனக்கு இது வேண்டாம்' என்ற பதில் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: எழுதலாம், ஆனால் நன்றாகத் தூங்கிய ஓர் இரவு கழியாமல் அனுப்பக் கூடாது.

2. பயத்தை வரி வரியாக எழுதுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டாலும் எனக்குச் சம்மதம்தான். அவ்வளவு முக்கியமானது.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து. கணக்காளராக நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டு செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்று பல வருட ஆசை. கேட்டால், "பயமா இருக்கு, இருக்கறதும் போயிடும்" என்கிறார். இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எது போகும்? எப்போது? யாரால்? இவற்றுக்குப் பதில் உள்ள வரிகளாக எழுதச் சொன்னால் இப்படி வரலாம்:

படிக்கும் வருடங்களில் சம்பளம் வராது, வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் போகும்.
பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, அவர்களுக்கு முன்னால் தோற்றுப்போவேன்.
ரத்தத்தையும் காயத்தையும் தினமும் பார்க்கத் தாங்குவேனா என்று தெரியாது.
அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.
படித்து முடித்த பிறகு இந்த வேலையும் பிடிக்காமல் போய்விட்டால்?

இப்போது கையில் ஐந்து தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. மொத்தமாக மனதில் கிடந்தபோது ஒன்றின் கனம் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அப்பாவின் கோபமும் வீட்டுக்கடனும் ஒரே பயமாகத் தெரிந்தன.

எழுதுவதற்கே ஒரு பலன் உண்டு. உளவியல் ஆய்வாளர் மேத்யூ லீபர்மனும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பயமோ கோபமோ தெரியும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் வைத்தபோது அவர்களுடைய அமிக்டலாவின் எதிர்வினை குறைந்தது. பெயர் வைப்பதே கொஞ்சம் அமைதி தருகிறது. ஆனால் பெயர் குறிப்பாக இருக்க வேண்டும். 'பயம்' என்பதைவிட 'அப்பாவுக்கு முன்னால் தோற்றுப்போன பெண்ணாக நிற்க வெட்கம்' என்பது நெருங்கி வந்த பெயர்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். முதலில் எழுதும் மூன்று நான்கு வரிகள், அடுத்தவரிடம் சொல்லத்தக்க பயங்களாகவே இருக்கும்: பணம், நேரம், வயது. உள்ளே கிடப்பது கடைசியில்தான் வரும். அதனால் 'சரி, எல்லாம் எழுதியாயிற்று' என்று பேனாவை வைக்கத் தோன்றும் இடத்தில் இன்னும் மூன்று வரி எழுதுங்கள். 'கணக்காளர் என்ற பெயர் போனால் நான் யார்?' மாதிரியான வரி அங்கேதான் கிடைக்கும். அதைத் தெரியாமல் வைத்துக்கொண்டு வீட்டுக்கடனைப் பற்றியே ஆறு மாதம் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற வரி எல்லார் நோட்டிலும் வரும். வந்தால், அந்த நாலு பேரின் பெயரை எழுதுங்கள். உண்மையிலேயே பெயர் எழுதுங்கள். பலருக்கு இரண்டு பெயருக்கு மேல் வராது. அந்த இரண்டு பேரில் ஒருவருடைய கருத்து உங்களுக்கு வேறு எந்த விஷயத்திலும் முக்கியமாக இருந்திருக்காது. மிச்சமிருக்கும் ஒருவரிடம் நேராகப் போய்ப் பேச முடியும். ஊர் உலகத்தோடு பேச முடியாது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறிப்புப் போடுங்கள்: 'திட்டம்', 'விசாரணை', 'ஏற்பு'.

தவணை கட்ட முடியாமல் போகும் என்பது திட்டத்தால் தீர்வது. எத்தனை மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும், கடன் காலத்தை நீட்டிக்க வங்கி சம்மதிக்குமா, பகுதிநேரமாகக் கணக்கு எழுத முடியுமா, உதவித்தொகை உண்டா என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் ஒரு தொகை வரும். தொகை பெரிதாக இருக்கலாம். இருந்தாலும் அது சேர்க்கவேண்டிய பணமாக மாறிவிட்டது. அதற்கு முன்பு அது வெறும் நடுக்கம்.

ரத்தத்தைப் பார்க்கத் தாங்குவேனா என்பது விசாரணையால் தீர்வது. நினைத்து நினைத்துப் பார்த்து இதற்குப் பதில் கண்டுபிடிக்கவே முடியாது. மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ சில வார இறுதிகளில் தன்னார்வலராக இருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

படித்த பிறகு பிடிக்காமல் போனால் என்ற கேள்வியை எவ்வளவு திட்டம் போட்டாலும், எவ்வளவு விசாரித்தாலும் முழுதாகத் தீர்க்க முடியாது. அது ஏற்பு. அப்படி நடந்தால் அப்போது என்ன செய்வேன் என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால் போதும்: 'கணக்கு வேலை எனக்கு மறந்துபோகாது, திரும்பப் போவேன்'. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கவலை நோயால் சிரமப்படுபவர்களைத் தங்கள் கவலைகளை எழுதி வைக்கச் சொல்லி, பிறகு எது நடந்தது என்று பார்த்தார்கள். சுமார் 91 சதவீதக் கவலைகள் நடக்கவே இல்லை. இதை வைத்து 'ஒன்றும் ஆகாது' என்று நான் சொல்லவில்லை. சில பயங்கள் நடக்கும். ஆனால் எழுதி வைத்தால்தான் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பின்னால் தெரியும். மனதில் மட்டும் இருந்தால், நடக்காத கவலை இருந்த இடம் தெரியாமல் புதுக் கவலையாக உருமாறிவிடும்.

3. பயம் சரியாகவே சொல்கிறதா என்று பாருங்கள்

பயத்தை வெல், பயத்தை மிதித்து நட என்றெல்லாம் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சில நேரம் பயம்தான் அறையிலேயே புத்திசாலித்தனமான ஆள்.

இன்றைக்கே பதில் வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்துகிறார்களா? வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்கிறார்களா? எழுத்தில் கேட்டால் நழுவுகிறார்களா? ஒரே முயற்சியில் சேமிப்பு முழுவதையும், அதற்கு மேல் கடனையும் போடச் சொல்கிறார்களா? குறிப்பிட்ட ஒரு மனிதரின் முன்னால் மட்டும் உடம்பு சுருங்குகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், நின்று பாருங்கள். அது புதிய விஷயத்தைப் பற்றிய பதற்றமாக இருக்கத் தேவையில்லை, எச்சரிக்கையாகவே இருக்கலாம்.

அடிக்கும் அல்லது மிரட்டும் துணையிடமிருந்து விலக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளம்பப்போகிறேன் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லாதீர்கள். விலகும் நேரத்தில் ஆபத்து கூடக்கூடும். நம்பிக்கையான ஒருவரிடமோ, உதவி எண் மூலமாகவோ பேசி, தங்க இடம், ஆவணங்கள், கைப்பணம் மூன்றையும் முதலில் பத்திரப்படுத்துங்கள். இந்தக் கட்டுரையின் மற்ற படிகள் உங்களுக்கு அப்புறம்.

அதேபோல, எந்த முடிவாக இருந்தாலும் வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, மூச்சடைக்கும் பதற்றம் அடிக்கடி வருகிறது என்றால், முதலில் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். மனச்சோர்வு இருக்கும்போது எல்லா வழியும் ஒரே மாதிரி இருட்டாகத்தான் தெரியும். முடிவு சில வாரம் காத்திருக்கும்.

4. திரும்பி வர முடியுமா?

எல்லாப் பெரிய முடிவையும் ஒரே அளவு பயத்தோடு அணுகுகிறோம். ஆனால் திரும்பி வரும் வழி எல்லாவற்றுக்கும் ஒன்று அல்ல. குழந்தை பெற்றுக்கொள்வதைத் திரும்பப் பெற முடியாது. சில அறுவை சிகிச்சைகளையும் அப்படித்தான். ஊர் மாறினால் திரும்பி வரலாம். கொஞ்சம் பணமும் கொஞ்சம் கௌரவமும் செலவாகும். வேலையை விட்டால் அதே நாற்காலி கிடைக்காமல் போகலாம், அதே மாதிரியான நாற்காலி கிடைக்கலாம்.

நோட்டில் எழுதுங்கள்: இது சரிவராவிட்டால், இப்போது இருக்கும் நிலைக்குப் பக்கத்தில் வர எத்தனை மாதம் ஆகும், எவ்வளவு செலவாகும், யாரிடம் உதவி கேட்க வேண்டியிருக்கும்? பதில் 'எட்டு மாதம், சேமிப்பில் பாதி, அண்ணனிடம்' என்று வந்தால், அது வலிக்கும், ஆனால் வாழ்க்கை முடிந்துபோகாது. திரும்ப முடியாத முடிவுகளுக்கு நிறைய நேரம் கொடுங்கள். திரும்பக்கூடியவற்றை வருடக்கணக்கில் சுமக்காதீர்கள்.

பெரிய முடிவு பலவற்றைத் திரும்பக்கூடிய துண்டுகளாக நறுக்கவும் முடியும். வேலையை விடுவதற்கு முன் சம்பளமில்லா விடுப்பு. வீட்டை விற்பதற்கு முன் அதை வாடகைக்கு விட்டுவிட்டு, போகும் ஊரில் வாடகைக்கு இருந்து பார்ப்பது. தொழில் தொடங்குவதற்கு முன் முதல் ஐந்து வாடிக்கையாளர்களை மாலை நேரங்களில் தேடுவது.

5. இருக்கும் இடத்துக்கும் விலை போடுங்கள்

பயம் எப்போதும் புதிய வழியை மட்டுமே கேள்வி கேட்கும். பழைய வழியை அது கேள்வியே கேட்காது. இதற்குக் காரணம் உண்டு. உளவியலாளர்கள் டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒன்றை இழக்கும் வலி, அதே அளவு ஒன்றைப் பெறும் மகிழ்ச்சியைவிட நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1992-இல் அவர்கள் செய்த மதிப்பீட்டில் அது இரண்டு மடங்குக்கும் சற்று மேல். மாறாமல் இருப்பதையே மனிதர்கள் அளவுக்கு மீறித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று 1988-இல் இரு பொருளியல் ஆய்வாளர்கள் தனியாகக் காட்டினார்கள். ஆகவே இருக்கும் இடம் பாதுகாப்பாகத் தோன்றுவதற்கு அது உண்மையிலேயே பாதுகாப்பாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அங்கே இருக்கிறோம் என்பதே போதும்.

இதைச் சரிசெய்ய ஒரு கேள்வி உதவும். நீங்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்காளர் ஏற்கெனவே செவிலியராக வேலை செய்கிறார். ஒருவர் வந்து, "இதை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தில் கணக்கு எழுத வருகிறீர்களா?" என்று இன்றைய அவருடைய வேலையையே கொடுக்கிறார். வருவாரா? 'ஐயோ, எதற்கு?' என்று தோன்றினால், இப்போது அவரைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேலையின் நன்மை இல்லை; பழக்கம். 'ஆமாம், சந்தோஷமாக வருவேன்' என்று தோன்றினால், தங்குவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அதையும் மதியுங்கள்.

அப்புறம், எதுவுமே செய்யாவிட்டால் ஒரு வருடத்தில் எப்படி இருப்பேன், ஐந்து வருடத்தில் எப்படி இருப்பேன் என்று தலா நாலு வரி எழுதுங்கள். உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1990-களில் செய்த ஆய்வுகளில், சமீப காலத்தைக் கேட்டால் மக்கள் செய்த காரியங்களுக்காக வருந்தினார்கள். மொத்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் செய்யாமல் விட்டவற்றுக்காக அதிகம் வருந்தினார்கள். பயம் அடுத்த சில வாரத்தைத்தான் பார்க்கிறது. ஐந்து வருடத்தை நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும்.

6. சாதக பாதகப் பட்டியல்: எண்ணாதீர்கள், எடை போடுங்கள்

1772-இல் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, ஒரு பிரபு கொடுத்த வேலையை ஏற்பதா வேண்டாமா என்று தவித்து பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். என்ன முடிவெடுக்க வேண்டும் என்று ஃபிராங்க்ளின் சொல்லவில்லை, எப்படி எடுப்பது என்று எழுதினார்: ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரி, மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்றச் சாதகங்களையும் பாதகங்களையும் எழுது, பிறகு இரண்டு பக்கத்திலும் சம எடை உள்ளவற்றை அடித்துக்கொண்டே வா, மிஞ்சுவதைப் பார். பிரீஸ்ட்லி அந்த வேலையை ஏற்றார். 1774-இல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்த அவருடைய புகழ்பெற்ற சோதனை, அந்தப் பிரபுவின் மாளிகையில்தான் நடந்தது.

இந்த முறையில் பலர் விட்டுவிடுவது அந்த மூன்று நான்கு நாளைத்தான். ஒரே மூச்சில் எழுதினால் அன்றைய மனநிலையின் பட்டியல்தான் கிடைக்கும். இன்னொன்று, பத்துப் பாதகம் மூன்று சாதகம் என்று எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்மானிப்பது. பயம் பட்டியலை நீட்டுவதில் கெட்டி. ஒரே ஒரு பெரிய சாதகம் ஏழு சில்லறைப் பாதகங்களை அடித்துவிடலாம்.

சார்லஸ் டார்வின்கூட 1838-இல் கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று ஒரு தாளில் இரண்டு பக்கமாக எழுதினார். நேரம் வீணாகும் என்பது அவருடைய பெரிய பயங்களில் ஒன்று. கடைசியில் கல்யாணம் என்றே முடிவு செய்து, 1839 ஜனவரியில் எம்மாவை மணந்தார்; பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள், ஆராய்ச்சியும் நிற்கவில்லை.

7. ஒத்திகை பாருங்கள்

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே நடுங்கும் பீட்டர் என்ற சின்னப் பையனைப் பற்றி எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலை முதலில் தூரத்தில், கூண்டில் வைத்தார்கள். அவன் தாங்கிக்கொண்டதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பக்கத்தில். கடைசியில் பையன் முயலைத் தானே தொட்டு விளையாடினான். பயத்துக்கான இன்றைய சிகிச்சை பலவற்றுக்கு அடிப்படை இதுதான்: தவிர்த்தால் பயம் வளர்கிறது, தாங்கும் அளவில் நெருங்கினால் குறைகிறது.

உங்கள் முடிவையும் அப்படி நெருங்குங்கள். வெளிநாடு போக யோசிப்பவர், முடிந்தால் இரண்டு வாரம் அங்கே சுற்றுலாப் பயணியாக இல்லாமல், சமைத்து, துணி துவைத்து, பஸ் ஏறி இருந்து பார்க்கலாம். கணக்காளர் ஒரு மாலை நேர உயிரியல் வகுப்பில் சேர்ந்து பார்க்கலாம். சம்பளம் குறையும் என்று பயந்தால், மூன்று மாதம் அந்தக் குறைந்த தொகையிலேயே குடும்பத்தை நடத்திப் பாருங்கள். மிச்சம் கையிருப்பில் சேரும், முடியுமா என்பதும் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே அந்த வழியில் போனவர்களிடம் பேசுவதும் ஒத்திகைதான். மூன்று பேரைத் தேடுங்கள்: போய் நன்றாக இருக்கும் ஒருவர், போய்த் திரும்பி வந்த ஒருவர், இப்போது நடுவில் திண்டாடிக்கொண்டிருக்கும் ஒருவர். இரண்டாவது ஆளைத் தேடுவதுதான் சிரமம். ஆனால் அவரிடம்தான் அதிகம் கற்பீர்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "முதல் ஆறு மாதத்தில் நீங்கள் எதிர்பார்க்காதது என்ன? இப்போது தெரிந்தது அப்போது தெரிந்திருந்தால் எதை வேறு மாதிரி செய்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள்.

ஒத்திகை முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. ஒரு வருடம் கழித்து இந்த முயற்சி படுதோல்வி அடைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று பத்து நிமிடம் எழுதுங்கள். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் நிறுவனங்களுக்குச் சொன்ன முறை இது. தனி மனிதருக்கும் நன்றாகப் பொருந்துகிறது. 'தோற்குமா?' என்று கேட்டால் மனம் வெறுமனே நடுங்கும். 'தோற்றுவிட்டது, ஏன்?' என்று கேட்டால் காரணம் தேடத் தொடங்கும்.

8. வீட்டில் எப்படிச் சொல்வது

நெருங்கியவர்கள் பயப்படுத்துவது பெரும்பாலும் அவர்களும் பயப்படுவதால்தான். அரைகுறை யோசனையை வீசிவிட்டு அவர்கள் பதறுவதைப் பார்த்து நாமும் பதறுகிறோம். நோட்டில் ஓரளவு வேலை முடிந்த பிறகு பேசுங்கள். பேசும்போது, கருத்துக் கேட்கிறீர்களா, தகவல் சொல்கிறீர்களா என்று முதல் வாக்கியத்திலேயே தெளிவாக்குங்கள். "அப்பா, நான் இன்னும் முடிவு செய்யல. உங்களுக்கு இதுல எது பெரிய கவலையா தெரியுதுன்னு கேக்கத்தான் வந்தேன்" என்பதற்கும், "முடிவு பண்ணிட்டேன், உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு தோணிச்சு" என்பதற்கும் வரும் பதில்கள் வேறு. அவர் சொல்லும் கவலை உங்கள் பட்டியலில் இல்லையென்றால் எழுதிக்கொள்ளுங்கள். இருந்தால், அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் முடிவால் இவர்களுடைய அன்றாடமும் மாறும் என்றால், துணைவர், பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர், இவர்களுக்கு அந்த முடிவில் பங்கும் உண்டு. மற்றவர்களுக்குத் தகவல் மட்டும் போதும்.

யாருமே பேசக் கிடைக்கவில்லை என்றால், இதே சிக்கலோடு உங்கள் உயிர்த் தோழி வந்திருப்பதாக நினைத்து அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்தவர் பிரச்சினையில் நாம் காட்டும் நிதானம் நம் பிரச்சினையில் வருவதில்லை என்றும், கொஞ்சம் விலகி நின்று பார்த்தால் அந்த இடைவெளி மறைகிறது என்றும் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது.

9. நாள் குறியுங்கள்

தேதி இல்லாத யோசனை முடிவதில்லை. திரும்பக்கூடிய முடிவு என்றால் சில வாரம், திரும்ப முடியாதது என்றால் சில மாதம் என்று வைத்து ஒரு நாளை எழுதுங்கள். அதோடு 'இவ்வளவு இருந்தால் போதும்' என்ற அளவையும் எழுதுங்கள். ஆறு மாதக் கையிருப்பு, ஒத்திகையில் தாங்கினேன், வீட்டில் ஒருவராவது துணை நிற்கிறார். அவ்வளவு கிடைத்துவிட்டால் இன்னும் நல்ல நேரம், இன்னும் உறுதி என்று தேட வேண்டாம். நூறு சதவீத உறுதி வந்த பிறகு எடுக்கும் முடிவென்று ஒன்று கிடையாது.

அந்த நாள் வந்தும் இரண்டு பக்கமும் சமமாகவே இருந்தால்? பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் ஒரு விசித்திரமான சோதனை செய்தார். முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்கள் இணையத்தில் நாணயம் சுண்டினார்கள். 20,000-க்கும் மேற்பட்ட முறை சுண்டப்பட்டது. வேலையை விடுவது, உறவை முடிப்பது போன்ற பெரிய கேள்விகளில், மாற்றத்தைச் செய்தவர்கள் ஆறு மாதம் கழித்து, செய்யாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே மாற்றத்தின் விளிம்பில் நின்றவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் நீங்களும் இந்தப் படிகளையெல்லாம் தாண்டி அதே விளிம்பில்தான் நிற்கிறீர்கள். உண்மையிலேயே சமம் என்றால், நான் மாற்றத்தின் பக்கம் சாய்வேன்.

10. முடிவெடுத்த பிறகு

முடிவைச் சொன்ன மறுநாள் பயம் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். அதைத் தவறான முடிவின் அடையாளம் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். மூடிய வழிகளில் இருந்த நல்லதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் வரும் வருத்தம் அது. முதல் சில வாரம் எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள்.

'வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தைத் தினமும் தூக்கிக்கொண்டும் அலையாதீர்கள். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், புகைப்படம் எடுக்கக் கற்ற மாணவர்களிடம் தாங்கள் எடுத்த இரண்டு நல்ல படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டவர்களைவிட, மாற்றவே முடியாது என்று சொல்லப்பட்டவர்களுக்குத் தங்கள் படம் அதிகம் பிடித்துப்போனது. அதனால் மறுபரிசீலனைக்கு ஒரே ஒரு தேதி வையுங்கள், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து. எது நடந்தால் நிறுத்துவேன் என்பதையும் இப்போதே எழுதுங்கள்: 'கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குக் கீழே போனால்', 'முதல் வருடத் தேர்வில் இரண்டு முறை தவறினால்'. அந்த எல்லை தொடப்படாத வரை, அந்தத் தேதி வரும் வரை, கேள்வி மூடியே இருக்கட்டும்.

எல்லாம் பார்த்துவிட்டு 'போகவில்லை' என்று முடிவெடுத்தால் அதற்கும் இதே மரியாதை வேண்டும். காரணத்தை எழுதி, தேதி போடுங்கள். 'பார்க்கலாம்' என்று இழுக்காமல், உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பவர்களிடம், கல்லூரியோ நிறுவனமோ ஒரு குடும்பமோ, அந்த வாரமே சொல்லிவிடுங்கள். அவர்களும் ஏதோ ஒரு முடிவை உங்களுக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.